ஒரே தொட்டியில் என் பழமும்

அந்தப் பக்கம் மேகம் எப்படி இருக்கு தம்பி? கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. மலைக்கு மேலதான் நிக்குதா, இல்ல தாண்டி இங்கிட்டு வந்துருச்சா? இந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு என்னால திரும்ப முடியல. கீழ வச்சா போறவன் வர்றவன் கால் பட்டு நசுங்கிரும். மேல வச்சா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு யாரு தலையிலயாவது விழும். திராட்சைதான். பன்னீர்த் திராட்சை. மூடியத் திறக்கக் கூடாது, மேனேஜர்கிட்ட காட்டணும். சரி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. ஓரமாப் பாத்து எடுங்க, குலை கலையக் கூடாது. எப்படி இருக்கு? சொல்லவே வேணாம், உங்க மூஞ்சியே சொல்லுது.

மேகம் வரலைல்ல? நல்லாப் பாத்தீங்களா? வந்துச்சுன்னா நான் செத்தேன் தம்பி. தோட்டம் பூராம் பழுத்து நிக்குது. பழுத்த பழத்துல மழை விழுந்தா தோலு வெடிச்சிரும். வெடிச்சா ஈ மொய்க்கும், மறுநாளே புளிச்ச வாடை வந்துரும், அப்புறம் மாடு கூட மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போயிரும். ஒரு போகமே போச்சு. இன்னைக்குள்ள வெட்டியாகணும். வெட்டுனா வாங்கிக்கிறதுக்கு ஆளு வேணும்ல? அதுக்குத்தான் இந்த ஓட்டம். ஒயின் பேக்டரிக்குப் போறேன். மத்தியானத்துக்குள்ள வந்தா மேனேஜர் இருப்பாராம், அப்புறம் வெளியூர் போயிருவாராம். இந்த பஸ் என்னடான்னா ஊருக்கு ஊரு நின்னு ஆள் பொறுக்கிக்கிட்டு இருக்கு.

எம் பேரு தொம்மை. உத்தமபாளையத்துக்கு அங்கிட்டு மிக்கேல்பட்டி. நீங்க வெளியூரு, பாத்தாலே தெரியுது. சுருளி அருவிக்கு வந்தீங்களா? பையில துண்டைச் சுத்தி வச்சிருக்கீங்களே, அது ஒயின் பாட்டில்தானே? அட, எதுக்கு மறைக்கிறீங்க. எங்க வாங்குனீங்கன்னு நான் கேக்கல. எடுத்து அந்தக் காகிதத்தைப் படிங்க. என்ன போட்டிருக்கு? கம்பம் பள்ளத்தாக்குன்னு பெருசா. கீழ மலை படம், பந்தல் படம். ஓரத்துல வட்டமா ஒண்ணு இருக்கா? அது எங்க சங்கத்து முத்திரை. எங்கயாவது தொம்மைன்னு இருக்கா? நல்லாத் தேடிப் பாருங்க. இருக்காது. அந்தப் பாட்டிலுக்குள்ள கெடக்கிறது பாதி என் பழம் தம்பி. பாதி இல்லாட்டியும், ருசி என்னோடது.

கதையச் சொல்றேன் கேளுங்க, எப்படியும் இந்த வண்டி இப்பப் போய்ச் சேரப் போறதில்ல. முன்னாடியெல்லாம் அவன் அவன் பழத்தை அவன் அவன் வித்தான். புரோக்கர் வருவான், பந்தலுக்குள்ள குனிஞ்சு வருவான், ஒரு பழத்தைப் பிய்ச்சு வாயில போட்டுட்டு மூஞ்சியச் சுளிப்பான். 'பக்கத்துத் தோட்டத்துக்காரன் கம்மிக்குத் தர்றேங்கிறான்'பான். பக்கத்துல போயி, தொம்மை கம்மிக்குத் தர்றான்னு சொல்லுவான். ரெண்டு பேரும் போட்டி போட்டுக் குறைப்போம். அப்ப எஸ்தாக்கி மச்சான், எங்க வீட்டம்மாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன், அவருதான் ஊரைக் கூட்டிச் சங்கம் ஆரம்பிச்சாரு. எல்லாப் பழமும் ஒரே பேர்ல போகணும், ஒரே முத்திரை, சங்கத்துக்கிட்டதான் விலை பேசணும்னாரு. பேக்டரிக்காரங்க வந்தாங்க. புரோக்கர் தொல்லை ஒழிஞ்சுது. நல்ல காரியந்தான், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பேரு எப்படி எடுத்துச்சு? முத வருசம் பேக்டரிக்காரங்க ருசி பாத்தது யாரு பழத்தை? என் பழத்தை. ஊரு முகப்புலயே என் தோட்டந்தான் இருக்கு, கார்ல வந்தவங்க அங்கதான இறங்குனாங்க?

பேரு நான் வாங்கிக் குடுத்தது, பலன் ஊருக்கே. பேக்டரியில என்ன செய்றாங்கன்னா, லாரியில வர்ற பழம் அம்புட்டையும் ஒரே தொட்டியில கொட்டுறாங்க. தொம்மை பழமும் அதுலதான், பக்கத்துத் தோட்டத்துல மதலேன்னு ஒரு பொம்பள, அது பழமும் அதுலதான். எல்லாருக்கும் ஒரே விலை. நான் கேட்டேன் மச்சான்கிட்ட, கூட்டத்துல எந்திரிச்சு நின்னே கேட்டேன். என் பழத்துக்குத் தனித் தொட்டி வேணும், தனி விலை வேணும்னு. அதுக்கு அவரு, 'மாப்ள, பேரு ஒண்ணுன்னா தொட்டியும் ஒண்ணுதான்' அப்படிங்கிறாரு. பேசத் தெரிஞ்சவரு. பேசியே கெடுத்தாரு.

சரி, பேருதான் பொது, விட்டுரலாம். இவங்க சட்டம் போடுறாங்க தம்பி, அதுதான் எனக்கு ஆகல. இன்ன மாசம் இன்னார் கொடியக் கழிச்சுக் கவாத்து வெட்டணும், இன்ன மருந்து அடிக்கக் கூடாது. அது போகட்டும். பழம் வெட்டுறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குத் தண்ணிய நிறுத்தணுமாம். அப்பத்தான் சர்க்கரை ஏறுமாம். நல்லாக் கேட்டுக்கங்க, பழம் பழுக்கிற நேரத்துல, கொடி தாகத்துல தவிக்கிற நேரத்துல, தண்ணி விடக் கூடாது. வாயில்லாத உசுரு. எனக்கு மனசு கேக்கல. ஒரு தடவை, ரெண்டு தடவை, லேசா விட்டேன். எடைக்காகன்னு மச்சான் சொன்னாரு. எடையும் கொஞ்சம் கூடும்தான், அதுக்காகவா விட்டேன்? மதலேன் சங்கத்துல சர்க்கரை பாக்கிற பொறுப்புல இருக்கு. ஒரு குழாய்க்குள்ள ரெண்டு சொட்டுச் சாறு விட்டு, கண்ணுல வச்சு வெளிச்சத்துல பாக்குமே, அது. என் வாய்க்கால் ஈரமா இருந்ததைப் பாத்துட்டு, 'என்னண்ணே, வாய்க்கால் நனைஞ்சு கெடக்கே'ன்னு கேக்குது. புருசன் செத்ததுக்கப்புறம் நாலு கொடிய வச்சுக்கிட்டு நிக்கிற பொம்பள, என்கிட்ட தண்ணிக் கணக்கு கேக்குது. மலை எல்லாருக்கும் பொது, பேரும் பொது, அதுல எனக்குப் பங்கு உண்டு. அதுக்காக என் தோட்டமும் பொதுவா?

என்ன நின்னுருச்சு? யாரு இறங்குறா? ஏங்க, மூட்டை முடிச்செல்லாம் முன்னாடியே வாசல்கிட்ட கொண்டுபோய் வைக்கக் கூடாதா? மனுசனுக்கு அவசரம் இருக்கும்னு யாராவது நினைக்கிறாங்களா பாருங்க. இன்னும் கொஞ்சம் எட்டிப் பாருங்க தம்பி. அந்தக் கறுப்பு முன்னாடியே இருந்ததா? முன்னாடியே இருந்ததா, சரி.

திருவிழாவுலதான் வெடிச்சுது. எங்க ஊரு கோயில் மிக்கேல் சம்மனசு கோயில். திருவிழாவுக்குன்னே ஒவ்வொரு வீட்டுலயும் தோட்டத்து மூலையில நாலஞ்சு கொடிய முன்னாடியே கவாத்து வெட்டி விடுவோம், அந்தப் பழத்தைத்தான் சாமிக்குக் கொண்டுபோகணும். வெள்ளனா எந்திரிச்சு, குலையைத் தட்டுல வச்சு, மேல இலையப் போட்டு மூடி, கோயில்பிள்ளைகிட்ட குடுத்துரணும். கோயில்பிள்ளைன்னா மணி அடிக்கிறவரு, கோயில் வேலை பாக்கிறவரு. எந்தத் தட்டு யாரு வீட்டுதுன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். பூசை முடிஞ்சு சாமியார் மந்திரிச்சதும் தட்டெல்லாம் முற்றத்துக்கு வரும். ஊரு சனம் தட்டுக்கு ஒரு பழம் ருசி பாக்கும். அப்புறம் ஏலம். ஏலம் எடுத்ததும் கோயில்பிள்ளை பேரைச் சொல்லுவாரு. எடுத்தவன் முதப் பழத்தைப் பிய்ச்சு அந்தத் தோட்டத்துக்காரன் கையில குடுக்கணும். தன் தட்டைத் தானே ஏலம் கேக்கக் கூடாது. இதுதான் வழக்கம். தாத்தன் காலத்துல இருந்து யாரும் மீறுனதில்ல.

நானும் ருசி பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு தட்டுல ஒரு பழம் வாயில போட்டேன் பாருங்க, அப்படியே பன்னீர் வாசம் மூக்குக்கு ஏறுச்சு. என் பழம். சந்தேகமே இல்ல. நான் வளத்த பழம் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. இதைத்தானே கண்ட பழத்தோட ஒரே தொட்டியில கொட்டுறாங்கன்னு. தட்டைத் தூக்கிட்டேன். ஊரு முன்னாடி, சாமியார் முன்னாடி. 'பாத்துக்கங்கய்யா, இதுதான் தொம்மை தோட்டத்துப் பழம். மத்தது எதுவும் இது கால்தூசி பெறாது. இதுக்குத் தனி விலை கேட்டது தப்பா?' அப்படின்னேன். மச்சான், 'மாப்ள, தட்டை வைங்க, வழக்கம் அது இல்ல'ன்னாரு. வைக்கல. ஏலமும் நானே கேட்டேன். எவன் கேட்டாலும் மேல கேட்டேன். கடைசியில எல்லாரும் வாய மூடிட்டாங்க, தட்டு எனக்கு.

கோயில்பிள்ளை வந்தாரு. வழக்கமா சத்தமாச் சொல்றவரு, அன்னைக்கு என் காதுகிட்ட வந்து சொன்னாரு. 'தொம்மைண்ணே, அது மதலேன் வீட்டுத் தட்டு'ன்னு.

மெதுவாச் சொன்னா மட்டும்? முற்றமே மூச்சு விடாம இருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுருச்சு. முதப் பழத்தைப் பிய்ச்சு மதலேன் கையில குடுக்கணும்ல. அது வந்து நின்னு கையை நீட்டுது. சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூட ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். கையை நீட்டிக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நிக்குது. எனக்கு அவமானத்துல உடம்பெல்லாம் எரிஞ்சுது தம்பி. இப்ப நினைச்சாலும் எரியுது.

என் தட்டா? அது எதுக்கு இப்ப. கேக்கிறீங்க, சரி, சொல்றேன். அதுக்கு முன்னாடியே ஒரு தட்டுல பழம் எடுத்து வாயில வச்சேன், சப்புன்னு இருந்துச்சு. துப்பிட்டேன். 'யாரு தட்டுய்யா இது, தண்ணியக் கடிச்ச மாதிரி இருக்கு'ன்னு கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். அதுதான் என் தட்டுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், வாயெல்லாம் கசப்பு. அதோட கோயில்பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல, தட்டை மாத்தி வச்சிருப்பாரு. அப்படியே மாத்தலைன்னு வச்சுக்குவோம். மதலேன் தோட்டத்துக் கொடி எங்க இருந்து போச்சு? அவ புருசன் உசுரோட இருக்கும்போது என் தோட்டத்துல இருந்துதான் குச்சி வெட்டிக்கிட்டுப் போயி நட்டான். அப்ப அது யாரு பழம்? சொல்லுங்க. இந்தக் கணக்கை நான் சொன்னா ஒருத்தனும் காது குடுக்கல. அங்கேயே, அந்த முற்றத்துலேயே, இனிமே உங்க சங்கமும் வேணாம் உங்க பேரும் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து வீட்டம்மா ரெஜினாகிட்டயும் சொல்லிட்டேன். உங்க அண்ணன்கூட இனிமே எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, நீயும் பேசக் கூடாதுன்னு. சரின்னா. அவ என் பேச்சைத் தட்ட மாட்டா. அந்த விசயத்துல நான் குடுத்து வச்சவன். இப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது, செபமாலை சொல்லிட்டு வர்றேங்கிறா. பாவம், எனக்காகத்தான் வேண்டிக்கிறா.

நான் சும்மா இருக்கல தம்பி. சொந்தமாப் பெட்டி அடிச்சேன். இந்தா, மடியில இருக்கே, இதுதான். மூடியில என் போட்டோ. தொம்மை திராட்சை. மீசைய முறுக்கிட்டு நிக்கிறேன் பாருங்க, கல்யாண ஆல்பத்துல இருந்து எடுத்தது. போன வாரம் முன்பழத்தைக் கொஞ்சம் வெட்டி, தேனியில பெரிய பழக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என் போட்டோவைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. 'எந்த ஊரு பழம்?'னாரு. கம்பம் பள்ளத்தாக்குன்னேன். 'அப்படின்னா அந்த முத்திரை எங்க?'னாரு. அந்த முத்திரைய விடுங்க, சாப்பிட்டுப் பாருங்கன்னேன். 'நான் சாப்பிட்டா? வாங்க வர்றவன் முத்திரையத்தானய்யா பாக்கிறான், தொம்மைன்னா யாருன்னு அவனுக்கு என்ன தெரியும்?' அப்படிங்கிறாரு. இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்குனேன், எல்லாரும் பேசி வச்ச மாதிரி அதையே கேட்டாங்க. எஸ்தாக்கி மச்சான் தேனி வரைக்கும் ஆள் வச்சிருக்காரு போல.

பேக்டரி மேனேஜரும் போன்ல அதேதான். சங்கத்து வழியா வந்தாத்தான் எடுப்போம், எங்க பாட்டில்ல அந்தப் பேரு இருக்கு, பழத்துக்குச் சங்கந்தான் பொறுப்புன்னாரு. சார், ஒரே ஒரு தடவை வாயில போட்டுப் பாருங்கன்னு கெஞ்சுனேன். கெஞ்சி எனக்குப் பழக்கமில்ல தம்பி. சரி, கொண்டுவாங்க, ஆனா உறுதி சொல்ல மாட்டேன்னாரு. அவரு சாப்பிட்டா விட மாட்டாரு. இந்தப் போகத்துப் பழம் நீங்களே சாப்பிட்டீங்கள்ல? இத்தனை வருசத்துல இப்படி ஒரு இனிப்பு என் தோட்டத்துல வந்ததே இல்ல. இதுக்கும் கடைசி நேரத்துல கஷ்டகாலம், மோட்டார் வேற மக்கர் பண்ணிருச்சு, சொட்டுத் தண்ணி விட முடியல. மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன் சொல்லியிருக்கேன்னு ரெஜினா தினமும் சொல்றா, அந்தப் பய வரவே இல்ல. அப்படித் தண்ணி இல்லாமக் காஞ்சும் இம்புட்டு இனிப்புன்னா, என் மண்ணு எப்பேர்ப்பட்ட மண்ணுன்னு பாத்துக்கங்க.

இருங்க, போன் அடிக்குது. இந்தப் பெட்டியக் கொஞ்சம் பிடிங்க. வீட்டம்மாதான்.

சொல்லு ரெஜினா. மழையா? இல்லையா, சரி. அங்க என்ன அம்புட்டுச் சத்தம்? ... யாரு? ... யாரு வெட்டுறா? ... உங்க அண்ணனா? அவரை யாரு பந்தலுக்குள்ள விட்டது? ... நீயா? ... எந்தப் பெட்டியில? ... ஏன்டி என்கிட்ட சொல்லல? ... ரெஜினா, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன். ... ஆமா, பஸ்ஸுலதான். ... மதலேனுமா? ... என்ன சொல்லுச்சு? ... ம். ... ம். ... எத்தனை பேரு? ... சரி. ... சரின்னு சொல்றேன்ல, வை.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க தம்பி.

என் தோட்டத்துல பழம் வெட்டுறாங்க. சங்கமே வந்து இறங்கியிருக்கு. எஸ்தாக்கி மச்சான் கத்திரியும் கையுமா நின்னு வெட்டுறாராம், மதலேன் குலை குலையா வாங்கி அடுக்குதாம். சங்கத்துப் பெட்டியில, வட்ட முத்திரை போட்ட பெட்டியில. எப்படின்னு கேளுங்க. ரெஜினா சங்கத்துல சேந்துட்டா. போன ஞாயித்துக்கிழமையே. தோட்டம் யாரு பேர்ல இருக்கோ அவங்க சேரலாமாம். தோட்டம் அவ பேர்லதான் இருக்கு, அவ அப்பா கல்யாணத்துக்குச் சீதனமா எழுதிக் குடுத்தது. பேருக்குத்தான் அவ பேரு, உழைச்சதெல்லாம் நான். ஏன்டி என்கிட்ட சொல்லலைன்னா, 'நீங்க எங்க கேட்டீங்க, நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க'ங்கிறா. முப்பது வருசமா என் முன்னாடி வாயத் திறக்காதவ, இன்னைக்கு மழைச் சத்தத்துக்கு மேல பேசுற மாதிரி பேசுறா.

மதலேன் குழாய்ல பாத்துச்சாம். சர்க்கரை நல்லா ஏறியிருக்கு, இந்த வருசம் சங்கத்துலேயே இதுதான் கூடன்னு சொல்லுச்சாம். ஊரு முன்னாடி சத்தமாச் சொல்லுச்சாம். சொல்லணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து? நான் அன்னைக்குப் பண்ணுனதுக்கு, குறைச்சுச் சொல்லியிருந்தா யாரு கேக்கப் போறா?

எனக்குக் கோவந்தான் தம்பி. கோவம் இல்லேன்னு நினைச்சுக்காதீங்க. நான் ஊரு ஊரா மடியில பெட்டிய வச்சுக்கிட்டு அலையிறேன், அங்க எனக்குத் தெரியாம எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆனா பழம் தப்பிச்சிரும்ல? மழை சாயங்காலம் வந்தாக் கூட அதுக்குள்ள முடிச்சிருவோம்னு ரெஜினா சொல்றா. அம்புட்டுப் பேரு நிக்கிறாங்க. தன் தன் தோட்டத்து வேலையப் போட்டுட்டு வந்திருக்காங்க. இந்தப் போகம் போயிருந்தா நான் ரெஜினா மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாமக் கெடந்தேன், அதை யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.

கண்டக்டர், இங்க நிறுத்துங்க. பேக்டரி வரைக்கும் டிக்கெட் எடுத்தா என்ன, எனக்கு இப்ப இறங்கணும். எதிர் வண்டி இங்கதான் நிக்கும். தம்பி, அந்தப் பெட்டியக் குடுங்க. ரெஜினா என்ன சொல்லி வச்சா தெரியுமா? 'எப்படியும் வெறுங்கையோடதான் வருவீங்க, வெட்டுற ஆளுகளுக்கு வடை வாங்கிட்டு வாங்க'ன்னா. என்னைய, வடை வாங்கிட்டு வரச் சொல்றா. மதலேனுக்குப் பல்லு வலியாம், பருப்பு வடை கடிக்க முடியாதாம், அதுக்கு மட்டும் உளுந்து வடையாப் பாத்து வாங்கணுமாம். அந்தா, முக்குல ஒரு கடை தெரியுதே, இந்நேரத்துக்குச் சூடாப் போடுவானா? ஆறிப்போன வடையக் கொண்டுபோய்க் குடுக்கக் கூடாது தம்பி. சங்கத்து ஆளுக இன்னைக்குத்தான் முதமுதலா அவ தோட்டத்துக்கு வந்திருக்காங்க, ரெஜினா பேரு கெட்டுறக் கூடாது.